உன் கீபோர்டை நான் பிரித்த காரணம்

இக்கிடோஸ்
ஜூன் 26

அன்பு மகன் அனிபாலுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் நன்றாக இருக்கிறோம், ஆறு இந்த வருஷம் வாசல் படியோடு நின்றுவிட்டது, அம்மாவின் முழங்கால் வலிதான் நின்றபாடில்லை. மாட்ரிட்டில் நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

அங்கே புதிதாக வாங்கிய கீபோர்டை அணைக்காமலே வைத்தால் ஆயுள் குறையுமா, அறைத் தோழன் குறையும் என்கிறானே என்று கேட்டிருந்தாய். முப்பது வருஷமாக இந்த ஊர் இசைக்குழுக்களின் கீபோர்டுகளைப் பிரித்து மாட்டுகிறவன் சொல்கிறேன், நம் ஊரில் குறையாது, கூடும். இங்கே எதையும் கொல்வது ஈரம்தான். துணி அலமாரியில் பூஞ்சை பிடிக்காமலிருக்க அம்மா குண்டு பல்பு எரியவிடுகிறாளே, அதே கணக்கு, ஓடுகிற கீபோர்டின் சூட்டில் ஈரம் அண்டாது. அணைத்துவிட்டுப் பிளாஸ்டிக் உறை போட்டுப் பொத்திப் பொத்தி வைக்கிறவர்கள்தான் என்னிடம் அதிகம் வருகிறார்கள், திறந்தால் உள்ளே பச்சை பூத்துக் கிடக்கும். சூட்டில் கண்டென்சர் மெல்ல உலரும், மறுக்கவில்லை, ஆனால் அதற்குப் பல வருஷம் வேண்டும், ஈரத்துக்கு இரண்டு மழைக்காலம் போதும். மாட்ரிட் காய்ந்த ஊர், அங்கே உன் தோழன் சொல்வதே சரி, வாசித்து முடித்ததும் அணைத்துவிடு.

இவ்வளவு சொன்ன நானே இந்த வாரம் வசமாக மாட்டிக்கொண்டேன். சான் ஹுவான் திருவிழா அன்று காலையில் நீ வாசித்த குழுவின் பாடகி நேலிதா கீபோர்டை மோட்டார் டாக்ஸியில் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். என் பேச்சைக் கேட்டு அணைக்காமலே வைத்திருந்தாளாம், முந்தின நாள் கரண்ட் போய்த் திரும்பி வந்த வேகத்தில் பவர் போர்டு கருகிவிட்டது. “நீங்கதானே மாஸ்டர் அணைக்கவே கூடாதுன்னீங்க, இப்ப சாயங்காலம் மேடையில வாயாலயே கீபோர்டு வாசிக்கட்டுமா?” என்று தெருவே கேட்கும்படி கேட்டாள். எனக்கு அவமானமாக இருந்தது. அந்த போர்டு லிமாவிலிருந்து வர பத்து நாளாகும், ஊரில் அதே மாடல் இன்னொன்று உன் அறையில்தான் இருக்கிறது. நீ போனதிலிருந்து மூன்று வருஷமாக நான் அணைக்காமல் ஓடவிட்டிருந்ததைத் திறந்தேன், உள்ளே ஒரு பொட்டுத் துரு இல்லை. அம்மா கதவோரம் நின்று, “ஈரத்துக்குப் பயந்தா இதை எரியவிட்டீங்க? பையன் வந்து வாசிப்பான்னுதானே” என்றாள். நான் திருகாணிகளை அவள் கையில் கொடுத்துவிட்டு போர்டைக் கழற்றி நேலிதாவின் கீபோர்டில் மாட்டினேன். அன்று சாயங்காலம் கச்சேரி நடந்தது, நானும் இலையில் கட்டிய சோற்றுப் பொட்டலம் இரண்டைத் தின்றுவிட்டுக் கடைசிவரை இருந்தேன்.

ஒரே மாதிரி ஓடிய இரண்டில் அவளுடையது மட்டும் ஏன் கருகியது என்று மண்டையைக் குடைந்துகொண்டிருந்தேன். நேற்று மதியம் கரண்ட் போனது, சாப்பாட்டை விட்டெழுந்து பிளக்கைப் பிடுங்க உன் அறைக்கு ஓடினேன். பிடுங்க ஒன்றுமில்லை என்று அங்கே போய் நின்ற பிறகுதான் உறைத்தது. கரண்ட் போனால் அது திரும்பி வருமுன் இப்படி ஓடிப் பிளக்கைப் பிடுங்க வேண்டும் என்பதை நான் யாருக்குமே சொன்னதில்லை, கை தானாகச் செய்ததால் சொல்லத் தோன்றவில்லை. இன்று காலையில் போய் நேலிதாவிடம் தப்பு என்னுடையது என்று சொல்லிவிட்டேன்.

திரும்பி வருகிறவன் அங்கே கீபோர்டு வாங்குவானா என்று அம்மா கேட்கிறாள். மற்றதற்கெல்லாம் என்னிடம் பதில் இருக்கிறது, இதற்கு இல்லை. நீ வருவதானால் லிமாவுக்குச் சொல்லி போர்டு வரவழைத்து மாட்டிவைக்கிறேன், இல்லையென்றால் மிச்சத்தையும் நேலிதாவிடமே கொடுத்துவிடுவேன், எதுவானாலும் தாங்குவேன். கடவுள் உன் கைகளையும் காதுகளையும் காப்பாற்றட்டும், அம்மாவுக்கு ஞாயிறுதோறும் போன் செய்ய மறக்காதே. பதிலில் வருகிறேன் என்று எழுது, அல்லது வரவில்லை என்று எழுது, பார்க்கலாம் அப்பா என்று மட்டும் எழுதாதே.

உன் அப்பா
லிசார்டோ துவானாமா