இடப்பக்கம் திரும்பாதே, அண்ணா

அன்புள்ள அண்ணாவுக்கு,

இந்தக் கடிதத்தில் நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். கட்டுரை எழுதினால் நான் வர்ணனையை அள்ளிக் கொட்டுவேன் என்று கிண்டல் செய்வாயே, இதில் அப்படி ஒரு வரிகூட இருக்காது.

உன் கடிதம் வந்தது. புது விமானங்கள் முதலில் உங்கள் படைப்பிரிவுக்குத்தான் வரும் என்று எழுதியிருந்தாய். "அப்பாகிட்ட சொல்லு, தங்கச்சிக்கு வாங்குற மாதிரி நல்லதாப் பாத்து வாங்கச் சொல்லு" என்ற வரியை நான் சத்தமாகப் படித்தேன். அம்மா சிரித்தாள். அப்பா எழுந்து கை கழுவப் போய்விட்டார். அவர் இன்னும் சாப்பிடவே ஆரம்பித்திருக்கவில்லை.

முதல் குண்டுவீச்சில் அமைச்சக அலுவலகத்தின் சன்னல்கள் உடைந்துவிட்டதால், விமானத் தேர்வுக் குழு நம் வீட்டு முன்னறையில்தான் கூடியது. குழுவில் மூன்றே பேர். தலைவர் ஓய்வுபெற்ற தளபதி, அடுத்தது நீ ஒட்டகச்சிவிங்கி என்று பெயர் வைத்த வக்கீல் மாமா, அப்புறம் கல்லூரியில் விமானப் பொறியியல் நடத்துகிறவர் என்று சேர்த்துக்கொண்ட நம் அப்பா. காபி கொடுக்கிற சாக்கில் நானும் பூகோளப் புத்தகத்தோடு மூலையில் உட்கார்ந்துகொள்வேன்.

தேர்வுக்கு இரண்டு விமானங்கள் வந்தன. ஒன்று மெலிதாக, அழகாக இருக்கும். அதற்கு ஊசி என்று பெயர் வைத்தேன். இன்னொன்று வயிறு பெருத்த வாத்து. பள்ளி மூடியிருந்ததால் சோதனை பார்க்க அப்பா என்னையும் விமானத்தளத்துக்குக் கூட்டிப்போனார். கம்பெனி விமானி வாத்தை வெறுமையாக ஓட்டிக் காட்டினார். குண்டில்லை, பாதி எரிபொருள்தான். தளபதி கைதட்டினார். அப்பா மட்டும், சண்டைக்குப் போகும்போது என்ன கனம் இருக்குமோ அந்தக் கனத்தை ஏற்றி இன்னொரு முறை பறக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார்.

அந்த முறை ஓட்டியவர் உன் பயிற்சியாசிரியர். தரையை விட்டு எழும்பியதும் இடப்பக்கம் திரும்பினார். திரும்பிய உடனே இடது இறக்கை சடாரென்று கீழே சாய்ந்தது. வேலிக்குப் பின்னால் விமானம் மறைந்துவிட்டது. நான் அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். எப்படியோ நிமிர்த்திக் கொண்டுவந்து இறக்கினார். வெளியே வந்து புல்லில் உட்கார்ந்தவரால் சிகரெட்டைப் பற்றவைக்க முடியவில்லை. அப்பாதான் குனிந்து பற்றவைத்துக் கொடுத்தார்.

மறுநாள் கூட்டத்தில் அப்பா இதையெல்லாம் விளக்கினார். தளபதி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வாத்து துறைமுகத்துல தயாரா நிக்குது. ஊசி வர நாலு மாசம் ஆகும். அது வந்து இறங்குறதுக்கு ஊர் இருக்கணுமேய்யா!" என்றார். அவர் சொன்னதும் பொய்யில்லை. வக்கீல் மாமா தன் நீளக் கழுத்தைத் திருப்பி, "எனக்கு விமானம்னா அண்ணாந்து பாக்க மட்டும்தான் தெரியும். சார் எதுக்குக் கை தூக்குறாரோ அதுக்குத்தான் நானும்" என்று அப்பாவைக் காட்டினார்.

ஊசிக்கு அப்பா கை தூக்கியிருந்தால் போதும், அண்ணா. அவர் தூக்கவில்லை. "இந்த விமானத்தை முதல்ல ஓட்டப்போறது என் மகன். அதனால நான் வாக்களிக்கிறது முறையில்ல" என்றார். சட்டத்தில் அப்படி ஒன்றும் இல்லையே என்று வக்கீல் மாமாவே கெஞ்சிப் பார்த்தார். கல்லூரியில் உன் விடைத்தாளைத் தான் திருத்தாமல் வேறொருவரிடம் கொடுத்தாரே, அதே முகம்தான் அப்போதும். தளபதி கை தூக்கினார். கொஞ்ச நேரம் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வக்கீல் மாமாவும் தூக்கினார். வாத்து தேர்வாகிவிட்டது.

அன்றிலிருந்து அம்மா அப்பாவிடம் பேசுவதில்லை. கடைசியாகப் பேசியபோது, "ஊருக்கெல்லாம் நியாயம் பாத்தீங்க. பெத்த பிள்ளைக்கு யாரு பாக்குறது?" என்று கேட்டாள். நாளைக்கு யாராவது மகனுக்காகத்தான் வாத்தைக் குறை சொன்னார் என்று சொல்லிவிட்டால், தான் சொன்ன உண்மையும் பொய்யாகிவிடும் என்றார் அப்பா. "ஆகட்டுமே" என்று சொல்லிவிட்டு அம்மா அறைக்குள் போய்விட்டாள்.

நான் வியக்கும் மனிதர் என்று அப்பாவைப் பற்றி எழுதிய கட்டுரையை டீச்சர் வகுப்பில் வாசித்துக் காட்டினார்கள் அல்லவா? இப்போது அதைப் படித்தால் எனக்கு என்ன தோன்றும் என்று தெரியவில்லை. அதனால் படிக்கவில்லை.

வாத்தைப் பற்றி உனக்கு எழுதச் சொல்லி அப்பாவிடம் கேட்டேன். "என் பையனுக்கு மட்டும் சொன்னா, மத்த பிள்ளைங்களுக்கு யாரு சொல்வாங்க?" என்றார். அதனால்தான் நான் எழுதுகிறேன். எழும்பிய உடனே இடப்பக்கம் திரும்பாதே, அண்ணா. கீழே மரங்களெல்லாம் புல் மாதிரி தெரியும்வரை நேராகவே ஏறு. யார் அவசரப்படுத்தினாலும் நேராகவே ஏறு. உன்னோடு இருக்கிற எல்லோருக்கும் சொல்லிவிடு. அப்பா கேட்டதற்கு எனக்குத் தெரிந்த பதில் அதுதான்.

இதைத் தணிக்கை செய்யும் ஐயா, நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. வேறு எந்த வரியை வேண்டுமானாலும் மை பூசி அழித்துக்கொள்ளுங்கள். மேலே உள்ள பத்தியை மட்டும் விட்டுவிடுங்கள். உங்கள் வீட்டிலும் யாராவது படையில் இருக்கலாம்.

நீ நல்லபடியாகத் திரும்பி வர வேண்டும். வந்து என் கட்டுரைகளைக் கிண்டல் செய்ய வேண்டும். எவ்வளவு வேண்டுமானாலும் செய், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

இப்படிக்கு,
உன் அன்புத் தங்கை

பின்குறிப்பு: மேலே உள்ளதை எழுதி முடித்தபோது அப்பா என் பின்னால் வந்து நின்றார். முழுவதும் படித்தார். இறக்கையைப் பற்றிய பத்தியில் விரலை வைத்து இரண்டாம் முறை படித்தார். தப்பு இருந்தால் அவர் திருத்தாமல் விடமாட்டார் என்று உனக்குத் தெரியும். பேனாவை எடுத்தார், மூடியைத் திறந்தார், மறுபடி மூடிப் பையிலேயே வைத்துக்கொண்டார். எதையும் திருத்தவில்லை. வெளியே குண்டுவீச்சு எச்சரிக்கைச் சங்கு ஊதுகிறது. தெருவில் எல்லா விளக்கையும் அணைத்துவிட்டார்கள். நம் அறை விளக்கையும் அப்பா அணைக்கப் போகிறார்.