ரோபோவுக்கு வைத்த சந்தனம்

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம்.

பிரிக்பீல்ட்ஸ் பாலர் பள்ளியில், அம்புக்குறிப் பட்டனை அழுத்தினால் நகரும் குட்டி ரோபோக்களை வைத்துக் கணினி சொல்லித்தருகிறேன் அல்லவா? ஆயுத பூஜையன்று லோகேஸ்வரி டீச்சர் அவற்றின் பட்டன்மேலேயே சந்தனம் அப்பிவிட்டார். அது காய்ந்து, திரும்புவதற்கான பட்டன்கள் சிக்கிக்கொண்டதால், இன்று பெற்றோர் முன்னால் எல்லா ரோபோவும் நின்ற இடத்திலேயே சுற்றின.

"சார், ரோபோ சாமி சுத்துதுலா!" என்று பிள்ளைகள் கைதட்டினார்கள். பள்ளி முதலாளி சிரிக்கவில்லை. "உங்க வேல பெர்மிட் பத்தி அப்புறம் பேசலாம்," என்றார்.

டீச்சரைத் திட்டத்தான் போனேன். "உங்க வேல நிலைக்கணும்னுதான் வச்சேன் சார்," என்றார். ரோபோக்களை அள்ளிப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

ரோபோக்களைக் கழற்றித் துடைக்க என் சின்ன ஸ்க்ரூடிரைவர் பெட்டியை அனுப்பு. பூஜையில் நீ அதற்கு வைத்த சந்தனத்தைத் துடைக்காதே.

என் அறைக்குப் போகும் ரயில் வந்துவிட்டது.

முகுந்தன்