உறுமினவன் வாய்

இராயப்பன்பட்டி
9.6.2024

அன்பு மாப்ள பால்பாண்டிக்கு,

ஸ்டான்லி எழுதுவது. என் நம்பரை நீ பிளாக் செய்துவிட்டாய். தபால்காரரை எப்படி பிளாக் செய்வாய்? அவர் குச்சனூருக்கு வந்தே தீருவார்.

உன் கை எப்படி இருக்கிறது என்று கேட்கத்தான் உட்கார்ந்தேன். பேனா நழுவி வேறு பக்கம் ஓடுகிறது. நம் பயணத்தையே நினைத்துப் பார். ப்ளஸ் டூ முடித்ததற்கு ஆண்டனி ராஜ் சித்தப்பா நம் இரண்டு பேரையும் தான் இருக்கும் மலேசியாவுக்குக் கூப்பிட்டார். நான்கு நாள் குகை நடை என்று திட்டம். மழை வந்து குகைக்குள் ஆறு புகுந்தது. திட்டம் படகுக்கு மாறியது. படகு கவிழ்ந்து, என் பை மட்டும் சட்டை, ஜட்டி சகிதம் தென்சீனக் கடலுக்குத் தனியாகச் சுற்றுலா போனது. சித்தப்பா படகைச் செப்பனிடக் கரையிலேயே தங்கிவிட, வழிகாட்டி லஜாங் தன் ஊரைக் காட்டுகிறேன் என்று நம்மைக் காட்டுவழியே நடத்திப் போனார். உன்னிடம் அட்டைகள் குடித்ததை ரத்ததான முகாமில் கொடுத்திருந்தால் சான்றிதழும் ஒரு வாழைப்பழமும் கிடைத்திருக்கும்.

திரும்பி வரும்போது, மத்தியான வெயிலில், எனக்குக் குறும்பு ஏறியது. பின்தங்கி, ஒரு புதருக்குள் உட்கார்ந்து பன்றி உறுமல் போட்டேன். எங்கள் தோட்டத்துக் காவல் பரணில் நாம் இரண்டு பேரும் போட்டுப் போட்டு அப்பாவையே ஏமாற்றிய அதே உறுமல். அதைக் கேட்டால் நம் ஊரில் என்ன செய்வார்கள்? தகரத்தைத் தட்டிக்கொண்டு நாலடி பின்னால் போவார்கள். லஜாங்கும் பின்னால் ஓடுவார், சிரிக்கலாம் என்று நினைத்தேன். லஜாங் ஊரில் பன்றி என்றால் கறி, அரிவாளை ஓங்கிக்கொண்டு எதிரே பாய்வார்கள் என்று எனக்கு யார் சொன்னது?

அது என் குரல் என்று உனக்கு மட்டும்தான் தெரிந்தது. அரிவாளுக்கும் புதருக்கும் நடுவே கையை நீட்டினாய். உன் ரத்தம் என் வாய்க்குள் தெறித்தது. மூன்று விரல்கள் என் மடியில் விழுந்தன. ஒன்று அசைந்ததுபோல் இருந்தது. நான் அதை உதறிவிட்டேன்.

சனீஸ்வரன் ஊர்க்காரனுக்கு ஏழரையாக நானே வந்து வாய்த்தேன். பதில் போடு. திட்டியாவது போடு.

உன்
ஸ்டான்லி

---

குச்சனூர்
17.6.2024

ஸ்டான்லி,

இடது கையால் எழுதுகிறேன். இவ்வளவுக்கு இரண்டு நாள் ஆயிற்று.

உன் கடிதத்தில் பாதியைக் காணோம். லஜாங் சட்டையைக் கிழித்து என் மணிக்கட்டைக் கட்டினார். என்னை முதுகில் போட்டுக்கொண்டு ஆறு வரை ஓடினார். ஓடும்போது அழுதார். அதுவரை எனக்கு நினைவிருக்கிறது. கரையில் சித்தப்பா கேட்டதற்கு, அவர் குடித்துவிட்டு வெட்டினார் என்று நீ சொல்லியிருக்கிறாய்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் சித்தப்பா என் கட்டிலில் உட்கார்ந்து லஜாங்கை அடித்ததை நடித்துக் காட்டினார். "துடுப்பாலயே வாயில போட்டேன். தாடை ரெண்டாப் போச்சு. அப்பயும் விடலையே, விழுந்தவன மிதிச்சுத் தண்ணிக்குள்ள தள்ளித்தான் போலீஸ்ல குடுத்தேன்." எனக்காகச் செய்ததாகச் சொன்னார்.

அவரிடம் நடந்ததைச் சொன்னேன். மருந்து மயக்கத்தில் உளறுகிறேன் என்று தலையைத் தடவிவிட்டுப் போய்விட்டார். நான் சொன்னால் எடுபடாது. உறுமினவன் வாய்தான் சொல்ல வேண்டும்.

பால்பாண்டி

---

இராயப்பன்பட்டி
30.6.2024

மாப்ள,

சொல்லிவிட்டேன்.

வீடியோ காலில் சித்தப்பா வந்ததும் வழக்கம்போல ஒரு ஜோக்கில் ஆரம்பித்தேன். அவரும் சிரித்தார். சிரிப்பு முடிவதற்குள் சொன்னேன்: "சித்தப்பா, லஜாங் குடிக்கலை. அவுக பன்னின்னு நெனச்சாக. உறுமுனது நான்தான்."

சித்தப்பா தன் கைகளைப் பார்த்தார். "ஏலே, ஒரு பாவமும் அறியாதவன் தாடையையா லே ஒடச்சேன்?" என்றார். திரை அணைந்தது.

பின்னால் அப்பா நின்றிருந்தது எனக்குத் தெரியாது. அப்பாவின் பெயர் இஞ்ஞாசிமுத்து, கோபத்தில் இடிமுத்து. திராட்சைப் பந்தலிலிருந்து சொட்டுநீர்க் குழாயை உருவி வந்தார். முதுகில் பதினோரு வரி எழுதினார். எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். பன்னிரண்டாவதுக்கு அம்மா குறுக்கே விழுந்தாள். நடுவே நீட்டுவதற்கு எனக்கு எப்போதும் ஒரு கை கிடைத்துவிடுகிறது, பார்.

நான்கு நாள் கழித்துச் சித்தப்பா பேசினார். மூக்கில் பெரிய கட்டு. ஸ்டேஷனில் தான் அடித்ததையும் நான் பொய் சொன்னதையும் எழுதிக்கொடுத்து லஜாங்கை வெளியே கொண்டுவந்தாராம். அவர் வீட்டுக்கும் போயிருக்கிறார். வாசலில் மூத்த மகன் ஈட்டிக் கம்பால் சித்தப்பாவின் மூக்கை உடைத்துவிட்டு, கீழே தள்ளி, முனையைத் தொண்டையில் வைத்திருக்கிறான். லஜாங்தான் கம்பைப் பிடித்து இழுத்தாராம்.

லஜாங்கால் பேச முடியாது, தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறார்கள். சித்தப்பாவுக்கு எதிரே அவர் தன் வலது கையை விரித்துக் காட்டினாராம். மூன்று விரலை மடக்கினாராம். புருவத்தை உயர்த்தினாராம். அந்தப் பையன் எப்படி இருக்கிறான் என்று கேட்கிறார், மாப்ள. சித்தப்பா என்னைக் கேட்டார். நான் உன்னைக் கேட்கிறேன்.

வருகிற சனிக்கிழமை கோயில் கூட்டத்தோடு கூட்டமாகக் குச்சனூர் பஸ்ஸில் வருகிறேன். உனக்கு ஏழு விரல், எனக்குப் பத்து. கூட்டினால் பதினேழு. இரண்டு பேர் பிழைக்க அது போதும். காலேஜ் ஃபாரம் எல்லாம் நானே நிரப்பித் தருகிறேன். வரட்டுமா?

உன்
ஸ்டான்லி

---

குச்சனூர்
4.7.2024

ஸ்டான்லி,

கடிதம் வந்தது. சித்தப்பாவிடம் சொல்: கை ஆறிவிட்டது, இடது கையால் எழுதுகிறான், மாட்டைப் பிடித்துக் கட்டுகிறான். அதை லஜாங்கிடம் அப்படியே சொல்லச் சொல்.

உன்மேல் கோபம் இருந்தது. நீ சொன்னதும் போய்விட்டது. போனதும்தான் பயம் வந்தது.

நேற்றுச் சாயங்காலம் எங்கள் தெருவில் ஒரு பன்றி உறுமியது. நீதான் என்று நினைத்துத் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டை விட்டு எழுந்து ஓடினேன். வாசலுக்குப் போன பிறகுதான் பார்த்தேன், என் இடது கை முன்னால் நீண்டிருந்தது. அம்மா பார்த்துவிட்டாள். "இருக்குற கையையும் குடுத்துட்டுத்தான் வருவ போல" என்றாள்.

அம்மா சொன்னது சரி. நீ எங்கே உறுமினாலும் நான் கையை நீட்டிவிடுவேன். அது எனக்குப் பழகிவிட்டது, மாற்ற முடியவில்லை. இப்போது என்னிடம் இருப்பது ஒரு கை.

சனிக்கிழமை வராதே.

பால்பாண்டி