மோட்டாருக்கு மஞ்சள் தண்ணீர்

புரட்டாசி 24, திங்கள்

காலையிலிருந்து ஊமை வெயில். பூஜைக்கு வேண்டியவை: பொரி, கடலை, சந்தனம், வெள்ளைப் பூசணி ஒன்று.

கிணற்று மோட்டாருக்கு இது முதல் ஆயுத பூஜை. ஏருக்கும் மண்வெட்டிக்கும் தெளிப்பதுபோல ஸ்டார்ட்டர் பெட்டிக்கும் மஞ்சள் தண்ணீர் தெளிக்கப்போகிறாராம் மாமியார். பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஈரக்கையோடு ஸ்டார்ட்டரைத் தொட, அவரைக் கரண்ட் தூக்கி எறிந்தது போன மாதம்தான்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "எங்கம்மாகிட்ட ஆரு பேசறது? நீதான பௌதிகமெல்லாம் படிக்கறவ, சொல்லிக்குடு."

என் பௌதிகம்: நாத்தனார் விட்டுப்போன பள்ளிப் புத்தகம். அடுப்படியில் மூன்று முறை படித்தது.

புரட்டாசி 25, செவ்வாய்

இருட்டிக்கொண்டு வந்து, பெய்யவில்லை. மதியம் அத்தைக்குப் பாடம். கரண்ட் ஓடுவது வாய்க்காலில் தண்ணீர் ஓடுவதுபோல என்றேன்.

"வாய்க்கா மேட்டுல இருந்து பள்ளத்துக்குப் போகும். உன்ற கம்பி செவுத்துல நட்டுக்குத்தலா ஏறுதே?"

டார்ச்சைப் பிரித்து, பேட்டரி, பல்பு, கம்பி. கம்பி நுனிகளைச் சேர்த்தேன், எரிந்தது. தண்ணீர் வழியாகவும் கரண்ட் போகும் என்று காட்ட, நுனிகளைப் பிரித்து மஞ்சள் தண்ணீரில் விட்டேன். எரியவில்லை. உப்புப் போட்டேன். எரியவில்லை.

"பாத்தியா அம்மிணி, மஞ்சத் தண்ணிக்குக் கரண்டே அடங்கிப் போச்சு!"

பேட்டரிக்கு வலு போதாது, மோட்டார் கரண்ட் வேறு. சொல்லச் சொல்லக் கேட்கவில்லை. நேற்றுவரை அவருக்குக் கொஞ்சமாவது பயம் இருந்தது. அதையும் நானே எடுத்துவிட்டேன். முருகா.

புரட்டாசி 26, புதன், பூஜை

நல்ல வெயில். விடிந்ததும் மெயினை இறக்கி, மூன்று ஃபியூஸ் கட்டைகளையும் பிடுங்கி மடியில் கட்டிக்கொண்டேன். வீட்டுக்காரருக்கு மட்டும் தெரியும். சாமி காரியத்தில் கள்ளத்தனம்; மன்னிக்கவேண்டும்.

அத்தை மாவிலையால் மூன்று முறை தெளித்தார். பெட்டியில் மஞ்சள் சொட்டியது. கரண்ட் இல்லையென்று தெரிந்தும் கண்ணை மூடிக்கொண்டேன்.

"போதுமுங்க அத்தை."

"ஏம்புள்ள நடுங்கறே?" ஈரக்கையைப் பெட்டிமேல் அழுத்தி வைத்தார். "ஒண்ணுமே பண்ணலியே. உன்ற பொஸ்தகத்துல ஆத்தா பேரு இல்லையாட்ட இருக்குது."

எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

பெட்டியைத் துடைத்துக் காயவைத்தேன். நாளைவரை மோட்டார் போடமாட்டேன் என்று வீட்டுக்காரர் வாக்கு. நிம்மதியாகப் பொரி பிரிக்க உட்கார்ந்தால், அத்தை பக்கத்துத் தோட்டத்து அக்காவிடம்:

"இனி வெள்ளிக்கெழமையானா தெளிச்சுப் போடலாம்னு இருக்கறேன். உங்க மோட்டாருக்கும் வந்து தெளிக்கட்டுமா?"

"கட்டாயம் வாங்க. எங்கூட்டுக்காரருக்குக் கரண்ட் அடிச்சதுல இருந்து அந்தப் பக்கம் போகவே பயமுங்க."

நாளை மறுநாள் வெள்ளி.