நகர்த்தி நட்ட கம்புகள்

இலங்கைத்துறை,
11.03.2000

அன்பு மகள் ராசமலருக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. வெருகல் முருகன் புண்ணியத்தில் நான் கை கால் சுகத்தோடு ஓடித் திரிகிறேன், சீனியும் பிரஷரும் இன்னும் என்னைத் தேடி வரவில்லை. நீயும் மருமகனும் பேரனும் அந்தப் பனிக்குள் ஒரு குறையுமில்லாமல் இருக்கவேண்டும் என்பதுதான் தினமும் என் வேண்டுதல். உன்னுடைய மார்கழிக் கடிதத்தை மீன் வியாபாரி ஆதம்பாவா மூதூரிலிருந்து கொண்டுவந்து தந்தார். உறையின் வாயைப் பிரித்து, திரும்பவும் சோற்றுப் பசையால் ஒட்டியிருந்தது. ஆதம்பாவா நோன்பு பிடிக்கிற நல்ல மனிதர், அவர் பிரித்திருக்க மாட்டார். எந்தச் சாவடியில் எவன் படித்தானோ, அந்தப் பக்கமோ இந்தப் பக்கமோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம். நீயோ மூன்று பக்கத்துக்கு, கடல் ஏறி வருகிறது, கரையை விட்டு விலகுங்கள், இனிமேல்தான் மோசமாகும் என்று எழுதியிருக்கிறாய். இந்தச் சண்டைக் காலத்தில் படிக்கிறவன் என்ன நினைப்பான்? கடலால் யாரோ வந்து இறங்கப் போகிறார்கள் என்றுதான் நினைப்பான். இனிமேல் கொஞ்சம் யோசித்து எழுது.

உள்ளதைச் சொன்னால் உன்னையும் நான் நம்பவில்லை. ஆறு வருசமாய் நீ நோர்வேக்குக் கூப்பிடுகிறாய், நான் மாட்டேன் என்கிறேன், கெஞ்சிப் பார்த்துவிட்டு இப்போது கடலைக் காட்டி வெருட்டுகிறாள் என்றுதான் நினைத்தேன். பேரனின் பள்ளிப் புத்தகத்தில் பூமி சூடாகிறது என்று போட்டிருந்தால் அது அங்கே உள்ள பூமியாக இருக்கும் என்றும் நினைத்தேன்.

உன் கடிதம் வருவதற்கு முன்பே, புரட்டாதியில், லாபிர் என்று கிண்ணியாப் பிள்ளை ஒருவர் இங்கே வந்தார். ஏதோ தொண்டு நிறுவனத்தில் வேலையாம். முன்வரிசை ஏழு வீட்டுக்கும் பின்னால் வீட்டுக்கொன்றாக ஏழு கம்பு நட்டு, சிவப்பு மை பூசி, நம்பர் போட்டு, கடல்வரைக்கும் நாடா பிடித்து அளந்து கொப்பியில் எழுதிக்கொண்டு போனார். எங்கள் வீட்டுக் கம்பிலிருந்து தண்ணீர் விளிம்புக்கு நூற்றிருபது அடி. கடல் எவ்வளவு கரையைத் தின்கிறது என்று பார்க்கத்தான் என்று சொன்னார். நான் நம்புவேனா? காணிக்குள் நம்பர் வந்தால் காணி போய்விட்டது என்று அர்த்தம். உன் தாத்தாவின் காணியில் ஒருநாள் சுண்ணாம்பு பூசிய கல் வந்தது, ஆறு மாதத்தில் திருப்பித் தருவோம் என்றார்கள், நான் பிறக்கும் முன்னே நடந்தது, எனக்கு இப்போது ஐம்பத்தெட்டு வயது. கம்புக்குக் கடல் பக்கம் உள்ளதெல்லாம் நாளைக்குப் போகக்கூடாத இடம் என்று சொல்லப்போகிறார்கள், வீடும் அதற்குள் போய்விடும் என்று என் மனம் அடித்துச் சொன்னது.

பிடுங்கி எறிந்தால் பிடித்துக்கொண்டு போவார்கள். அதனால் ஒரு வெள்ளிக்கிழமை ஆண்களெல்லாம் கோயில் பூசைக்குப் போன நேரம், நானும் மற்ற ஆறு வீட்டுப் பெண்களும் சேர்ந்து கம்புகளைக் கிளப்பி வீடுகளுக்கு முன்னால், கடல் பக்கமாக நட்டோம். வரிசை கோணினால் பிடிபட்டுவிடுவோம் என்று நானே பாதத்தோடு பாதம் வைத்து ஒவ்வொரு கம்புக்கும் சரியாக முப்பது எண்ணினேன். ஆண்கள் கேட்டதற்கு, அளக்க வந்தவர்தான் திரும்பி வந்து மாற்றி நட்டார் என்று சொன்னோம். மற்ற ஆறு பேரிடமும் பிள்ளையாரைத் தொட்டுச் சத்தியமும் வாங்கிவைத்தேன். அன்று எனக்கிருந்த பெருமையைக் கேட்காதே.

தையில் அளக்கிற முறை வந்தபோது லாபிருக்குச் சாவடி தாண்டி வரப் பாஸ் கிடைக்கவில்லை. அவருடைய கொப்பியோடு, இந்த ஊரை முன்பின் பாராத வேறொருவர் வந்து அளந்தார். கம்பு இடம் மாறியது அவருக்கு எப்படித் தெரியும்? மாசி பிறந்ததும் லாபிர் ஒரு கடதாசியோடு ஓடிவந்தார். கோயில் முற்றத்தில் கூட்டம். நாலே மாதத்தில் நாற்பத்தைந்து அடி போய்விட்டதாம், இந்த வேகத்தில் அடுத்த மாரிக்கு முன்வரிசை இருக்காதாம், முப்பத்திரண்டு வீட்டையும் நாலு மைல் உள்ளே காட்டோரம் கொண்டுபோகவேண்டுமாம். மீன்பிடிச் சங்கத் தலைவர் கதிர்காமத்தம்பி அழுதே விட்டார். கடல் தொழில் செய்கிறவன் காட்டோரம் இருந்து என்ன செய்வான்? ஆளாளுக்கு, போவோம், பிள்ளைகளையாவது காப்பாற்றுவோம் என்று கையெழுத்துப் போட எழும்பினார்கள். நாங்கள் ஏழு பெண்களும் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். காணியைக் காப்பாற்றவென்று செய்த களவு ஊரையே கிளப்பப் பார்க்கிறது, பார்த்தாயா?

வாயை மூடிக்கொண்டிருக்க என்னால் ஏலவில்லை. எழும்பி நின்று, கம்பை மாற்றினது நான்தான், முப்பது அடி என் கணக்கு, அதைக் கழித்துப்போட்டுக் கதையுங்கோ என்று சொன்னேன். சனம் சிரித்ததா திட்டியதா என்று இப்போதும் எனக்குத் தெரியாது. லாபிர் மட்டும் வந்து என் காலடியில் குந்தி, பாதத்தைக் காட்டுங்கோ அம்மா என்று கேட்டு நாடாவை வைத்தார். ஒன்பது அங்குலம். அப்படியென்றால் முப்பது பாதம் இருபத்திரண்டரை அடிதானாம். மிச்சம் இருபத்திரண்டரையையும் கடல்தான் எடுத்திருக்கிறது. நானும் கடலும் சரிபாதி. படித்தவன் சொன்னபோது நம்பவில்லை, பெற்ற பிள்ளை எழுதியும் நம்பவில்லை, என் களவைக் கழித்த பிறகு மிஞ்சியதை எப்படி நம்பாமல் இருப்பது?

பிறகு அந்தப் பிள்ளையை ஒரு மணித்தியாலம் கேள்வி கேட்டே கொன்றேன். மாரியில் கடல் தின்னும், மாசி பங்குனியில் கொஞ்சம் மணலைத் திருப்பித் தரும், அதனால் ஒரு மாரியை வைத்து எல்லாம் பூமியின் சூட்டால்தான் என்று அடித்துச் சொல்ல ஏலாது, திருப்பித் தருவது குறைந்துகொண்டு போகிறதா என்று பல வருசம் பார்க்கவேண்டும் என்றார். ஆற்றுவாயில் நாங்கள் விறகுக்கென்று வெட்டிய, வேரால் கரை மண்ணைப் பிடித்து நின்ற கண்டல் மரங்களும் ஒரு காரணமாம். பெரிய நாடுகள் எண்ணெயும் கரியும் எரித்த புகையில் பூமி சூடாகிக் கடல் பொங்குகிறது என்றும் சொன்னார். இங்கே ஒரு போத்தல் மண்ணெண்ணெய்க்குத் துண்டு எழுதி வாங்கவேண்டும், யாரோ எரித்ததற்கு நாங்களா வீடு கழற்றுவது என்று கேட்டேன். கிண்ணியாவில் தன் உம்மாவின் கிணறும் உவர்த்துவிட்டது என்று சொன்னார். மகள், எங்கள் கிணறு உவர்த்ததற்குப் பக்கத்து வீட்டுச் சிவகாமிப்பிள்ளை மீன்கூடை கழுவியதுதான் காரணம் என்று இரண்டு வருசமாய் அவளோடு கதையில்லாமல் இருந்தேன். போய்க் கதைத்தேன். அவள் என்னைப் போல வைராக்கியக்காரி இல்லை, தேத்தண்ணி தந்தாள்.

காட்டோரம் போகும் கதையை விட்டுவிட்டோம். முன்வரிசை வீடுகளைக் கழற்றி, தாழம்புதருக்குப் பின்னால் எங்கள் காணிக்குள்ளேயே போடப்போகிறோம், கிணறும் அங்கே புதிதாய். ஆற்றுவாயில் இனிக் கத்தி வைக்கக்கூடாது, கண்டல் நட்டு வளர்ப்பதென்றும் தீர்மானம். புதர் வளர்ந்தால் யாராவது ஒளிந்துகொள்வார்களே என்று எவனாவது கேட்பான், அதற்கும் பதில் யோசித்து வைத்திருக்கிறேன். விட்டு வருகிற கரை எங்கள் பேரில்தான் இருக்கும், வேறு ஒருவரும் அதில் கல் வைக்க ஏலாது என்று எழுதி எல்லோரும் கையெழுத்து வைத்த பிறகுதான் என் வீட்டுக் கூரையின் முதல் கிடுகைக் கழற்றவிட்டேன். அந்தக் கடதாசியில் ஒரு பிரதி இத்துடன் வைத்திருக்கிறேன். பத்திரமாக வை, இங்கே கடதாசிக்கு ஆயுசு குறைவு.

கம்புகளை லாபிர் திரும்பவும் பழைய இடத்தில் நட்டார். ஒவ்வொரு அமாவாசைக்கும் ஊரே அளப்பது என்று முடிவு. நாடாவை யாரிடம் கொடுப்பது என்று கேட்டபோது கதிர்காமத்தம்பி என்னைக் காட்டினார், கம்பு எப்படியெல்லாம் நகரும் என்று தெரிந்த ஆள்தான் காவலுக்குச் சரியாம். சனம் சிரித்தது, நானும் சிரித்தேன்.

நீ என்னை வெருட்டவில்லை என்று இப்போது தெரியும் பிள்ளை, அப்படி நினைத்ததற்கு மனம் நோகாதே. ஆனாலும் நான் அங்கே வரமாட்டேன், எனக்கு இங்கே வேலை இருக்கிறது. பேரனுக்குக் காதை மூடித் தொப்பி போடு, மருமகனை நேரத்துக்குச் சாப்பிடச் சொல். முருகன் உங்கள் மூவரையும் காப்பான். கடிதம் எழுதும்போது தூரமும் ஆழமும் எழுதாதே, வாசிக்கிறவர்கள் பலர். நான் மட்டும் ஒன்று எழுதுகிறேன், எவன் படித்தாலும் படிக்கட்டும். போன திங்கள் மாசி அமாவாசை, கடல் திருப்பித் தருகிற காலம். இன்னும் ஒன்றரை அடி போயிருக்கிறது. இந்த முறை கம்பை நான் தொடவில்லை.

இப்படிக்கு,
உன் அன்பு அம்மா,
கா. தங்கமுத்து