காலி என்று இரண்டு பேர் சொல்ல வேண்டும்

டன்வில், மொன்டானா
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள வெஸ்லிக்கு,

நலமா என்று கேட்கத்தான் பேனாவை எடுத்தேன். எத்தனையோ கடிதத்தில் கேட்டாயிற்று. கிறிஸ்துமஸுக்கு வரும் மீன் படம் போட்ட அட்டையைத் தவிர உன்னிடமிருந்து பதில் கிடையாது. போனையும் எடுப்பதில்லை. அதனால் அதை விடு. இந்தக் கடிதத்தைப் பாதியில் மடித்து வைத்துவிடாமல் கடைசி வரை படி. உன் அம்மா கேட்கிற ஒரே உபகாரம் இதுதான்.

இங்கே இருக்கிறோம். அப்பாவுக்கு முட்டி வலி. டாக்டரிடம் போகமாட்டார். குதிரைக்குப் பூசுகிற களிம்பைப் பூசிக்கொண்டு வீட்டையே நாற அடிக்கிறார். நம் நாய் பிஸ்கட்டுக்குக் காது சுத்தமாகக் கேட்பதில்லை. தரையைக் காலால் தட்டினால்தான் எழுந்து வருகிறது. குட்டியாக இருந்தபோது அது கடித்துக் குதறாத பொருள் இந்த வீட்டில் இருந்ததா? இப்போது ரொட்டியைப் பாலில் நனைத்துத் தர வேண்டியிருக்கிறது. முதல் பனி விழுந்து, உருகி, மறுபடி விழுந்துவிட்டது. மான் வேட்டைக்காரர்கள் வந்தாயிற்று, ஊர் முழுக்க ஆரஞ்சுச் சட்டைகள். அந்த நிறம் எதிரே வந்தால் நான் தெருவின் மறுபக்கம் போய்விடுகிறேன். ஊர்க்காரர்களுக்கும் பழகிவிட்டது, யாரும் கூப்பிடுவதில்லை.

போதும், விஷயத்துக்கு வருகிறேன். நீ கோர்டியின் கடையில் வாங்கியிருக்கிற துப்பாக்கி எது என்று எனக்குத் தெரியும்.

ஷெரிஃப் அலுவலகத்திலிருந்து அது திரும்பி வந்ததும் அப்பா அதைக் கம்பளியில் சுருட்டிக்கொண்டு போய், கிரேட் ஃபால்ஸ் சந்தையில் முன்பின் தெரியாத ஒருவருக்கு விற்றுவிட்டு வந்தார். அத்தோடு தொலைந்தது என்றுதான் இருந்தோம். அந்த மனிதர் இந்தக் கோடையில் இறந்துபோனார். அவருடைய மகள் வீட்டிலிருந்த துப்பாக்கிகளை மொத்தமாகக் கோர்டியிடம் தள்ளிவிட்டாள். அன்றைக்கு நான் கடை வேலைக்குப் போகாமல் பல் டாக்டரிடம் போயிருந்தேன். கோர்டிக்கு அது எந்தத் துப்பாக்கி என்று எப்படித் தெரியும்? படம் எடுத்து இணையத்தில் போட்டுவிட்டார். நீ அங்கே அலாஸ்காவில் மீன்பிடிப் படகில் உட்கார்ந்துகொண்டு, மரப்பிடியில் இருக்கும் பள்ளத்தை வைத்து அடையாளம் கண்டிருக்கிறாய். பிஸ்கட் கடித்த இடம். அப்பா உப்புத்தாள் போட்டுத் தேய்த்து எண்ணெய் பூசினாரே, கட்டை விரல் வைக்க வாகாக இருக்கிறது என்று உன் தம்பி கிளே சொல்வானே, அந்த இடம். எவ்வளவு காலமாக அதைத் தேடிக்கொண்டிருந்தாய், வெஸ்?

கோர்டி நல்ல மனிதர், ஆனால் கெட்ட செய்தி சொல்லத் தெரியாது. போன வெள்ளிக்கிழமை பின்னறைக்கு வந்து, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அலாஸ்காவுக்கு ஒன்று போகிறது, அதை நான் கட்ட வேண்டாம், தானே கட்டிக்கொள்வதாகச் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் கட்டிய கடைசிப் பெட்டி குழல் முனை வெளியே எட்டிப் பார்த்தபடி தபால் நிலையத்துக்குப் போய், அங்கே அவர் வாங்கிய திட்டு ஊருக்கே கேட்டது. நீங்கள் பெட்டி கட்டுகிற அழகு தெரியாதா என்றேன். அவர் சிரிக்கவில்லை.

"வாங்கினது யாருன்னு மொதல்ல கேளு, மார்லிஸ்," என்றார். "உன் பெரியவன்."

இரண்டு பேரில் ஒருவன் போன பிறகும் இன்னொருவன் பெரியவனாகவே இருக்கிறான் பார். எனக்கு அதுதான் முதலில் தோன்றியது. அப்புறம்தான் அட்டைப் பெட்டிகள் மேலேயே உட்கார்ந்தேன். கோர்டி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும், துப்பாக்கி வேறு ஆளுக்கு விற்றுப்போச்சு என்று பொய் சொல்லி, உன் பணத்தைத் திருப்பி அனுப்பிவிடுவதாகச் சொன்னார். நான் வேண்டாம் என்றேன். நீ இருக்கிற ஊரில் வேறு துப்பாக்கி கிடைக்காதா என்ன? இத்தனை நாளில் நீ இந்த ஊரிலிருந்து வேண்டும் என்று கேட்டது இந்த ஒன்றைத்தான். அதையும் இல்லை என்று சொன்னால் அப்புறம் உன்னைப் பிடித்திழுக்க என் கையில் என்ன இருக்கிறது?

நான் ஏன் அந்தக் கடையில் வேலை செய்கிறேன் என்று சர்ச்சில் இன்னும் முணுமுணுக்கிறார்கள். மகனைத் துப்பாக்கிக்குக் கொடுத்தவள் துப்பாக்கியைப் பொட்டலம் கட்டுகிறாளே என்று. உனக்கும் அந்தக் கோபம் இருக்கலாம். கேள், அந்தப் பின்னறையில் எதுவும் கோர்டி ஒருவர் சொன்னால் பெட்டிக்குள் போகாது. அவர் திறந்து பார்த்து, விரலை விட்டுத் தடவி, "காலி" என்பார். நான் வாங்கி, விளக்குக்கு நேரே பிடித்து, நானும் விரலை விட்டுப் பார்த்த பிறகுதான் "காலி" என்பேன். நீங்கள் இரண்டு பேரும் பள்ளிக்கூடம் போகும் முன்பே அப்பா உங்களுக்குச் சொல்லிக்கொடுத்த அதே வழக்கம்தான். கொடுக்கிறவன் பார்த்துச் சொல்ல வேண்டும், வாங்குகிறவன் பார்த்துச் சொல்ல வேண்டும். பார்க்கிற ஆள் ஒருத்தியாவது அந்தக் கடையில் இருக்கட்டும் என்றுதான் போகிறேன்.

வீட்டில் அந்த வார்த்தையை நாங்கள் சொல்வதில்லை. பால் தீர்ந்துவிட்டது என்போம், கேஸ் தீர்ந்துவிட்டது என்போம். ஒருமுறை அப்பா மறந்துபோய்க் காப்பி டப்பாவைத் திறந்து அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டார். அன்று முழுக்க இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

இன்னொன்றும் சொல்கிறேன், பைத்தியம் என்று நினைக்காதே. கடையில் கோர்டி சொன்ன பிறகு, நான் சொல்வதற்கு முன்னால், சின்ன இடைவெளி வருமல்லவா? அந்த இடைவெளியில் எனக்குக் கிளேயின் குரல் கேட்கும். சிரித்துக்கொண்டே, மகரக்கட்டு முழுதாக உடையாத அந்தக் குரலில், எனக்கு முன்னால் அவன் "காலி" என்பான். முதல் தடவை கையிலிருந்ததைக் கீழே போட்டுவிட்டேன். பிறகு பழகிவிட்டது. நிஜத்தைச் சொன்னால், அந்தக் குரலுக்காகவே சில நாள் காய்ச்சலோடும் வேலைக்குப் போயிருக்கிறேன்.

அந்தக் குரல் ஏன் எனக்குக் கேட்டது என்று ஞாயிற்றுக்கிழமைதான் புரிந்தது. நீ வாங்கியதைச் சாப்பாட்டு மேசையில் அப்பாவிடம் சொன்னேன். கரண்டியைக் கீழே வைத்தார். எழுந்துபோய், கழுவி வைத்திருந்த கோப்பையையே மறுபடி கழுவினார். முதுகைக் காட்டிக்கொண்டேதான் பேசினார்.

"அவன் திருப்பிச் சொன்னான், மார்லிஸ். நான் வண்டிகிட்ட நின்னு கேட்டேன். பெரியவன் வேலிக்கு மேல நீட்டி காலின்னான். சின்னவன் என்னப் பாத்து கைய ஆட்டிக்கிட்டே காலின்னான். துப்பாக்கியப் பாக்கவே இல்ல. வாங்கின கையிலயே வெடிச்சிடுச்சு."

இதை ஷெரிஃபிடம் ஏன் சொல்லவில்லை, என்னிடமாவது ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன். நீ வாக்குமூலத்தில் சொல்லவில்லையாம். காலி என்று நான் சொன்னேன், தப்பு என்னுடையது என்று அதோடு நிறுத்திவிட்டாயாம். செத்துப்போனவன் மேல் பழி வேண்டாம் என்று நீ மறைத்ததை, தான் எப்படிப் போட்டு உடைப்பது என்று அப்பா வாயை மூடிக்கொண்டாராம். நல்ல ஆண்பிள்ளைகள்! அந்தச் சின்னவன் பெயரைக் காப்பாற்ற ஆளுக்கொரு பக்கம் ஊமையாக நின்றீர்கள். நடுவில் நான் ஒருத்தி ஒன்றும் தெரியாமல் இருந்தேன். வந்த ஆத்திரத்தில் சூப்பை அப்படியே தொட்டியில் கொட்டினேன். அப்புறம் இரண்டு பேரும் அழுதோம். அவன் போன பிறகு நாங்கள் சேர்ந்து அழுதது அதுதான் முதல் தடவை.

நீ பார்த்தாய், வெஸ். கடைசித் தோட்டா உள்ளே மாட்டிக்கொண்டது உன் கண்ணுக்குத் தப்பிவிட்டது. மனிதக் கண் தப்பும். அதற்காகத்தானே இரண்டு பேர் பார்க்க வேண்டும் என்று வைத்தார்கள்? அவன் பார்க்கவில்லை. அண்ணன் சொன்னால் சரியாக இருக்கும் என்று அவனுக்கு அவ்வளவு நம்பிக்கை. வேறு யார் நீட்டியிருந்தாலும் அவன் எட்டிப் பார்த்திருப்பான். இதைவிடப் பெரிய குற்றம் உங்கள் இரண்டு பேரிடமும் நான் காணவில்லை. அவனை நீ மன்னிக்கக்கூடத் தேவையில்லை என்று நினைத்தாய் அல்லவா? உன்னையும் அப்படியே விட்டுவிடு.

இன்று காலை அதை நானே கட்டினேன். கோர்டி, தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டுகிற போல்ட்டைப் பின்னுக்கு இழுத்துத் திறந்து, பார்த்து, "காலி" என்றார். என்னிடம் நீட்டினார். கட்டை விரல் தானாகவே அந்தப் பள்ளத்தில் போய் உட்கார்ந்தது. நான் பார்த்தேன். விளக்கைக் கிட்டே இழுத்து மறுபடி பார்த்தேன். பிறகு காத்திருந்தேன். கோர்டிக்கு ஒன்றும் புரியவில்லை. குரல் வரவில்லை, வெஸ். இத்தனை துப்பாக்கிக்கும் முந்திக்கொண்டு சொன்னவன் அந்த ஒன்றுக்கு மட்டும் வாய் திறக்கவில்லை. கடைசியில் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

மற்றதெல்லாம் வழக்கம்போலத்தான். குழல் முனைக்குத் தடித்த பஞ்சு, குண்டு நுழையும் இடத்தில், உள்ளே எதுவும் இல்லை என்று காட்டும் ஆரஞ்சு நிற பிளாஸ்டிக் கொடி, சுற்றிலும் குமிழித்தாள், திரைச்சீலைக் கம்பி வந்த நீளப் பெட்டி, அதற்கு மேல் இன்னொரு பெட்டி. வெளியே எழுத்தில் எதுவும் காட்டிக்கொடுக்கக் கூடாது என்பதால் கோர்டியின் குடும்பப் பெயர் மட்டும். கட்டி முடித்துக் குலுக்கிப் பார்த்தேன். உள்ளே சத்தமே இல்லை. அவன் சவப்பெட்டியையும் நான்தான் தொட்டுப் பார்த்தேன், அதுவும் இப்படித்தான் இருந்தது.

பெட்டி உன் ஊர் மீன்வலைக் கடைக்காரரிடம் வரும். அவரிடம்தானே துப்பாக்கி வாங்கி விற்கும் உரிமம் இருக்கிறது. நீ கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளலாம், உன் உரிமை. ஆனால் அதில் போல்ட் இருக்காது. எப்போதும் அதைக் கழற்றித் தனியாகச் சுற்றி அதே பெட்டியில் ஓரமாக வைப்பேன். இந்தத் தடவை வைக்கவில்லை. வாங்குகிறவன் கேட்பானே என்றார் கோர்டி. கேட்கட்டும், அதற்குத்தான் என்றேன். கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்தார், பிறகு டேப்பை எடுத்துக் கொடுத்தார். போல்ட் இல்லாவிட்டால் துப்பாக்கி வெறும் குழாய் என்று அப்பா சொல்வார். அந்தக் குழாய் உன்னிடம் இருக்கட்டும். போல்ட் என் சமையலறை மேசை மேல், உப்பு டப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. தபாலில் அனுப்பமாட்டேன், ஆள் வந்தால் தருவேன்.

நீ அதைக் கடலில் வீசத்தான் வாங்கினாய் என்றால் சேர்ந்து வீசுவோம். அப்பாவுக்குக் கப்பல் ஒத்துக்கொள்ளாது, ஆனாலும் வருவார். வேறு எதற்காவது வாங்கினாயா? நேராகவே கேட்கிறேன். சாக நினைக்கிறாயா? ஆமாம் என்றாலும் போன் பண்ணி என்னிடம் சொல்லு, நான் பயந்து போனை வைத்துவிடமாட்டேன். கரடிக்கென்று நீ வேறொரு துப்பாக்கி வைத்திருப்பாய். அதை இன்றைக்கே உன் படகுத் தலைவரிடம் கொடுத்து, கொஞ்ச நாள் வைத்திருக்கச் சொல்லு. என்ன ஏது என்று விளக்க வேண்டாம், அம்மா சொன்னாள் என்று சொல்லு. அவருக்கும் ஒரு அம்மா இருந்திருப்பாள்.

கிளம்பி வா, மகனே. ஆண்டவர் உன் படகையும் உன் கையையும் காக்கட்டும். இந்தக் கடிதத்தில் அந்த வார்த்தையை எத்தனை தடவை எழுதியிருக்கிறேன் என்று பார். இந்த வீட்டு மேசையில் உட்கார்ந்துதான் எழுதினேன். அப்பா படித்துவிட்டு எந்த வார்த்தையையும் அடிக்காமல் திருப்பிக் கொடுத்தார். கிளேயின் இடத்துக்கு நான் ஒன்றும் செய்வதற்கில்லை. ஆனால் எனக்கு எதிரே, ஜன்னல் பக்கத்தில், உன் இடம் இருக்கிறது. எழுந்துபோய்க் கிட்ட நின்று பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

காலி.

நீயும் வந்து பார்த்துச் சொல்லு.

உன் அம்மா,
மார்லிஸ்