ஏழாவது தகவல்

மெசுபெட்டுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நடமாடிக்கொண்டு இருக்கிறோம், நலம் என்று எழுதக் கை வரவில்லை. நீ அங்கே ஹொனலுலுவில் நல்லபடியாக இருக்க வேண்டும், இந்தக் கடிதத்தை முழுக்கப் படித்து முடிக்க உடம்பில் தெம்பு வேண்டுமே, அதற்காகவாவது.

உன் போனை நான் எடுக்கவில்லை என்று உன் தங்கை டில்மாயிடம் குறைப்பட்டாயாம். வேண்டுமென்றேதான் எடுக்கவில்லை. போனில் பேசினால் நீ சிரித்து மழுப்பிவிடுவாய், நானும் சாப்பிட்டாயா என்று கேட்டுவிடுவேன். பயணிகளுக்காக நீ கணினியில் எழுதிப் போட்டாயே, பலாவ் என்னும் குட்டி நாட்டைப் பற்றிய சுவையான தகவல்கள் என்று, அதை டில்மாய் எனக்கு வாசித்துக் காட்டினாள். சேப்பங்கிழங்கு வயலிலிருந்து அப்போதுதான் வந்திருந்தேன், முழங்கால் வரை சேறு, கழுவக்கூட விடாமல் வாசித்தாள். பலாவ்க்காரர்கள் வௌவாலைச் சூப் வைத்துக் குடிப்பார்களாம், பக்கத்திலே வாய் பிளக்கும் பொம்மை முகம் வேறு. காய்ச்சல் வந்தபோதெல்லாம் தேங்காய்ப்பால் விட்ட வௌவால் சூப்தான் வேண்டும் என்று அழுதது எந்த நாட்டுப் பிள்ளையாம்? போரில் மூழ்கிய கப்பல்கள் முக்குளிப்பவர்களுக்குச் சொர்க்கமாம். அந்தப் போரில் என் அம்மா குகைக்குள் ஒளிந்துகொண்டு பச்சைக் கிழங்கைத் தின்று உயிர் பிழைத்தாள், அது உன் சொர்க்கத்தில் வரவில்லை. இந்நாட்டில் பெண்கள் ராணிகள், தலைவனைத் தேர்ந்தெடுப்பவர்களும் அவர்களே என்று எழுதியிருந்தாய். ராணி அந்த நேரம் காலில் அட்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். இதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டேன், பிழைப்புக்கு எழுதுகிறான், எழுதட்டும் என்று சிரிக்கவும் சிரித்தேன். ஏழாவது தகவல் வந்தபோது டில்மாய் வாசிப்பதை நிறுத்திவிட்டாள். வாசிடி என்றேன். அம்மா, இவன் வடக்கு வாயை எழுதிட்டான் என்றாள்.

பவளப்பாரைப் பிளந்து கடலுக்குப் போகும் அந்த வடக்கு வாய் எங்கே திறக்கிறது, எந்த நிலவுக்குக் களவா மீன்கள் சினையோடு அங்கே கூடும், கூட்டம் நீரோட்டத்தின் எந்தப் பக்கம் நிற்கும் என்று பிட்டுப் பிட்டு வைத்திருக்கிறாய், படத்தில் சிவப்புப் புள்ளி வைத்து. இது உனக்கு எப்படித் தெரியும்? மாமா சொன்னதால் தெரியும். எனக்குத் தம்பி, உனக்குத் தாய்மாமன், ஊருக்குத் தலைவர், அவர் வேறு யாரையும் ஏற்றாமல் உன்னை மட்டும் படகில் கூட்டிப் போய்ச் சொன்னார். தன் சொந்த மகனுக்குச் சொல்லவில்லை. பட்டம் அக்கா தங்கை வயிற்றுப் பிள்ளைக்குத்தான் என்பதால் உனக்குச் சொன்னார். எந்த மாதம் கடலுக்குத் தடை போட வேண்டும் என்று தலைவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும், அதற்காகச் சொன்னார். வெள்ளைக்காரன் தூண்டில் போடுவதற்காகச் சொல்லவில்லை.

இந்த மாதம் தடை போட்டிருந்தது. வாயின் இரண்டு பக்கமும் கம்பு நட்டுத் தென்னங்கீற்று கட்டியாயிற்று, நம் ஊரில் ஒருத்தரும் அந்தப் பக்கம் வலை எடுத்துப் போகவில்லை, வீட்டில் டப்பா மீன்தான். அப்போது கொரோர் டவுனிலிருந்து இரண்டு படகு பயணிகள் வந்து கீற்று கட்டிய கம்பிலேயே கயிறு கட்டிக்கொண்டு மீன் பிடித்திருக்கிறார்கள். உன் சித்தி மகன் கெலாவ் போய்த் தடுத்தான். அதில் ஒருவன் கோபப்படக்கூட இல்லையாம். உங்க தலைவரோட மருமகனே இங்கதான் வரச் சொல்லிருக்காரு, பாருங்க என்று போனை நீட்டியிருக்கிறான். கெலாவ் படகைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டான். அவர்கள் பிடித்ததில் பாதியைக் கரையில் விட்டுப் போய்விட்டார்கள், எல்லாம் வயிறு பிதுங்கிய சினை மீன், ஈ மொய்த்தது. நான் பார்த்தேன்.

தடையை மீறியது தலைவர் வீடென்றால் என்ன வழக்கம் என்று உனக்குத் தெரியும், அதைத் தகவலில் எழுதவில்லை. மாமா மன்ற வீட்டுக்குப் போய், தலைவர் மட்டும் சாயும் தன் மூலைத் தூணில் சாயாமல், வாசல் பக்கம் இளவட்டங்களோடு உட்கார்ந்தார். ஒருவரும் அவரைத் திட்டவில்லை, முகத்தைப் பார்க்கவும் இல்லை. வீட்டுக்கு வந்து, இனி அந்தத் தூண் எனக்கு வேணாம் அக்கா, யாருக்குக் குடுக்கணுமோ பொம்பளைங்க பேசி முடிவு பண்ணுங்க என்று படுத்துக்கொண்டார். எனக்கு உன்மேல் வந்த ஆத்திரத்தில் உன் பழைய சட்டைகளை எல்லாம் எடுத்து வெளியே வீசினேன், டில்மாய் பொறுக்கி வந்து மடித்து வைத்தாள்.

குலத்துப் பெண்கள் நம் வீட்டில்தான் கூடினோம். பாக்கும் சுண்ணாம்பும் கூடை கூடையாகக் காலியாயிற்று, பேச்சு நகரவில்லை. ஒரு கிழவி மட்டும், உன் பிள்ளை தலைவனானா மன்றத்துல பேசுறதெல்லாம் மறுநாளே படத்தோட வந்துரும், நாங்க பவுடர் பூசிட்டு உக்காரணும் என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் சித்தி இருக்கிறாளே, கெலாவைப் பெற்றவள், அவள்தான் என் கையைப் பிடித்துக்கொண்டு, பிள்ளை புரியாமப் பண்ணிட்டான்க்கா, வரச்சொல்லி அவனுக்கே குடு, கெலாவ் கூட நின்னு பார்த்துக்குவான் என்று அழுதாள். மூத்தவள் வாயிலிருந்து வருவதுதான் கடைசிப் பேச்சு, எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். நீ பிறந்த அன்றிலிருந்து அந்த இடத்தில் சொல்வதற்காக உன் பெயரைத்தான் வைத்திருந்தேன். கெலாவ் என்று சொன்னேன். சொல்லிவிட்டு வெற்றிலை துப்புகிற சாக்கில் வெளியே போய்விட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். இருமலை அசட்டை செய்யாதே, குளிரூட்டிக்கு நேரே தலை வைத்துப் படுக்காதே. நீ எங்கே இருந்தாலும் நம் குலத்தின் கண் உன்மேல் இருக்கட்டும். அடுத்த நிலவுக்கு முன்னால் அந்த ஏழாவது தகவலை எடுத்துவிடு, மீன் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. ஊருக்கு வருவதாக இருந்தால் வா, சூப் வைக்கிறேன். ஆனால் கெலாவை இனிப் பெயர் சொல்லிக் கூப்பிடாதே, பட்டத்தைச் சொல்லிக் கூப்பிடு, அவன் உள்ளே வந்தால் எழுந்து நில். பெண்கள்தான் தலைவனைத் தேர்ந்தெடுப்பார்கள் என்ற தகவலை மட்டும் எடுக்க வேண்டாம், அது அப்படியே இருக்கட்டும், அதை நீ சரியாகத்தான் எழுதியிருக்கிறாய்.

உன்னைப் பெற்றவள்,
இபூச்